உப்புத் தண்ணீர் ஊரில் சமையல் மேடைக் கல்லுக்கு சீலர் பூசுவது எப்படி?

கீழக்கரை, தொண்டி, மண்டபம் என்று கடலோரத்தில் இப்போது வீடு கட்டுகிறவர்கள் சமையல் மேடைக்குப் பெரும்பாலும் கிரானைட் போடுகிறார்கள். கொஞ்சம் பழைய வீடென்றால் கடப்பா கல். கடையில் இரண்டுக்கும் ஒரே சீலர் டப்பாவை எடுத்து நீட்டுவார்கள். உடனே வாங்கிவிடாதீர்கள்.

முதலில், அது என்ன கல்?

கருப்பாக இருப்பதெல்லாம் கிரானைட் ஆகிவிடாது. கடப்பா என்பது சுண்ணாம்புக்கல் வகை. அடுப்புக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். பாலிஷ் போய் மங்கலாகத் தடம் விழுந்தால் கடப்பா அல்லது மார்பிள். ஒன்றும் ஆகவில்லை என்றால் அநேகமாக கிரானைட்தான்.

இதை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், சீலர் செய்கிற வேலை ஒன்றுதான்: எண்ணெயும் தண்ணீரும் கல்லுக்குள் ஊறாமல் தடுப்பது. புளிப்பு அரிப்பதை அது தடுக்காது. தினமும் மீன் குழம்புக்குப் புளி கரைக்கிற வீட்டில், கடப்பா மேடைக்கு எத்தனை கோட் அடித்தாலும் புளித்தண்ணீர் நின்ற இடம் வெளுக்கத்தான் செய்யும். அங்கே கைக்கெட்டும் தூரத்தில் ஓர் ஈரத்துணி வைத்திருப்பதே மேல்.

சீலர் தேவையா?

மேடையில் ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றி 15 நிமிடம் விடுங்கள். துடைத்த பிறகு அந்த இடம் கறுத்திருந்தால் கல் தண்ணீர் குடிக்கிறது, சீலர் வேண்டும். கறுக்கவில்லையா, டப்பாக் காசு மிச்சம். நல்ல கருப்பு கிரானைட் பெரும்பாலும் நெருக்கமான கல். பூசினால் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று பிசுபிசுக்கும். மதுரைப் பக்கம் வெட்டியெடுக்கும் காஷ்மீர் ஒயிட் போன்ற வெளிர் கற்கள்தான் அதிகம் குடிக்கும்.

வாங்கும்போது லேபிளில் 'பெனட்ரேட்டிங்' (கல்லுக்குள் இறங்கும் வகை) என்று இருக்கிறதா பாருங்கள். வார்னிஷ் மாதிரி மேலே படியும் வகை சமையல் மேடைக்கு ஆகாது, சூடான சட்டி பட்டால் உரியும்.

கறை எடுப்பது

நம் ஊரில் அதிக நேரம் பிடிப்பது இதுதான். குழாயைச் சுற்றி போர் தண்ணீர் விட்டுப்போன வெள்ளைப் பொருக்கு இருக்கும். வெந்நீரில் நனைத்த துணியை அரை மணி நேரம் அதன்மேல் போட்டுவைத்து, பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுங்கள். பாத்ரூம் ஆசிட் பக்கமே போக வேண்டாம். கடைசித் துடைப்புக்கு மட்டும் குடிநீர்க் குழாயில் வரும் காவிரித் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரில் துடைத்தால் அந்த உப்பின் மேலேயே சீலர் பூச வேண்டியிருக்கும்.

எண்ணெய்க் கறைக்கு ஆப்ப சோடாவைக் கெட்டியாகக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடுங்கள். வெளிர் கல்லில் மஞ்சள் கறையோ கணவாய் மையோ பிடித்திருந்தால், தண்ணீருக்குப் பதில் மெடிக்கலில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் குழையுங்கள். கருப்புக் கல்லில் இது வேண்டாம், நிறம் வெளுக்கலாம்.

அப்புறம் ஒரு முழு நாள் காயட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். பங்குனி வெயில் சரியாக இருக்கும்.

பூசுவது

அடுப்பை இறக்கிவைத்து சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். பல சீலர்கள் தீப்பற்றும். வாடை முழுதும் போகும்வரை தீக்குச்சிகூட உரசக் கூடாது. ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மேடை முழுக்க ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள். இரண்டடி இரண்டடியாக, பருத்தித் துணியால் மெல்லிசாகத் தேயுங்கள். லேபிளில் சொன்ன நேரம், பொதுவாக ஐந்து முதல் பத்து நிமிடம், ஊறவிட்டு, காய்வதற்குள் மிச்சத்தை வேறொரு உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். துடைத்த துணி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இழுத்துப் பிடித்தால் இன்னும் மிச்சம் இருக்கிறது. காய்ந்து மங்கலாகிவிட்டதா? அதே இடத்தில் கொஞ்சம் சீலரை விட்டால் பழையது இளகும், உடனே துடைத்தெடுங்கள். இரண்டாவது கோட், முதல் கோட்டுக்குப் பிறகும் தண்ணீர் குடிக்கும் கல்லுக்கு மட்டும்.

ஒரு நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் யாராவது மீன் சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.

அதன் பிறகு

தினமும் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, மெல்லிய துணி, அவ்வளவுதான். எலுமிச்சை, வினிகர், கம்பி நார் வேண்டாம். மீனை நேராக மேடையில் போட்டு அறுக்காதீர்கள். செதிலோடு வரும் மணல் பாலிஷைக் கீறும்.

மிச்ச சீலரை அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் பூசிவிடாதீர்கள். அரைக்கும்போது அது சட்னியோடு வரும்.

மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும், குழாயடியிலும் அடுப்பருகிலும் அதே ஒரு ஸ்பூன் தண்ணீர் சோதனையைச் செய்து பாருங்கள். கறுக்கிற இடத்தில் மட்டும் மறுபடி பூசினால் போதும்.