புது ரூட்டர் வாங்கும் முன்: வீட்டு இணையத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் புளோக்குக்குப் புளோக் ஒரே புலம்பல்: "ஒரு ஜிபிபிஎஸ்-க்குக் காசு கட்டுறோம், படுக்கையறையில வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு." அடுத்து என்ன நடக்கும்? கணினிக் கண்காட்சிக்குப் போய் விலை கூடிய ரூட்டர் ஒன்றை வாங்குவார்கள், இல்லையென்றால் இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறுவார்கள். பல வீடுகளில் இரண்டுமே தேவைப்படாது. சிக்கல் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் செலவு செய்வதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

எந்தப் பெட்டிக்கு என்ன வேலை?

சுவரில் இருக்கும் சின்ன வெள்ளைப் பெட்டியில்தான், நாட்டின் இழைக் கட்டமைப்பை வைத்திருக்கும் நெட்லிங்க் டிரஸ்டின் கண்ணாடி இழை முடிகிறது. அங்கிருந்து மெல்லிய இழை ஒன்று ஓஎன்டி என்ற பெட்டிக்குப் போகும். ஒளியாக வருவதை மின்குறிகையாக மாற்றுவது ஓஎன்டியின் வேலை. அதிலிருந்து ஒரு லேன் கேபிள் ரூட்டரின் டபிள்யூஏஎன் துளைக்கு, அதாவது வெளி இணைப்புக்கான துளைக்குப் போகும். இணையத்தை வீட்டுக் கருவிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது ரூட்டர். அதிலிருந்து உங்கள் கைபேசி வரை காற்று வழியே வைஃபை அலை. சில நிறுவனங்கள் ஓஎன்டியையும் ரூட்டரையும் ஒன்றாக்கி ஓஎன்ஆர் என்று கொடுக்கின்றன.

இணையம் மெதுவாக இருந்தால், மடிக்கணினியை ரூட்டரின் லேன் துளையில் (வீட்டுக் கருவிகளுக்கான துளை) கேபிளால் இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். ஒரு ஜிபிபிஎஸ் (1,000 எம்பிபிஎஸ்) திட்டத்தில் 900 எம்பிபிஎஸ்-ஐத் தாண்டி வந்தால் வெளியிலிருந்து வரும் இணைப்பில் குறை இல்லை. குறை வீட்டுக்குள், காற்றில். இந்த ஒரு சோதனையைச் செய்தாலே வாடிக்கையாளர் சேவைக்குப் போடும் அழைப்புகளில் பாதி மிச்சமாகும்.

அந்தச் சோதனையில் 94 எம்பிபிஎஸ் அளவில் எண் நின்றுவிட்டால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். ஜிகாபிட், அதாவது ஒரு ஜிபிபிஎஸ் வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தாலோ, முனையில் சரியாகப் பதியாவிட்டாலோ இரு கருவிகளும் தாமாகவே 100 எம்பிபிஎஸ்-க்கு இறங்கிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது, இணையமும் ஓடிக்கொண்டிருக்கும். ஓஎன்டிக்கும் ரூட்டருக்கும் இடையே இருக்கும் சின்னக் கேபிள் இப்படிப் பழுதானால் முழு வீடும் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் மாதக்கணக்கில் ஓடலாம். கேட் 5ஈ அல்லது கேட் 6 கேபிள் ஒன்று சில வெள்ளிதான். அதை முதலில் மாற்றிப் பாருங்கள்.

ஓஎன்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. ஒளியே வரவில்லை என்று அது சொல்கிறது. தீபாவளிக்குச் சுத்தம் செய்யும்போது அலமாரியை நகர்த்தி, இழையை மடக்கியோ நசுக்கியோ விடுவது அடிக்கடி நடப்பது. கண்ணாடி இழை கூர்மையாக வளைந்தால் ஒளி கசிந்துபோகும். அதைக் கழற்றித் துணியால் துடைப்பதும், முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பதும் வேண்டாம். அதில் ஓடும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. சேவை நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

ரூட்டரை ஒளித்து வைப்பது

நம் ஊருக்கே உரிய தவறு இது. 1990களின் இறுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில், 'பாம் ஷெல்டர்' என்று நாம் சொல்லும் பாதுகாப்பு அறை இருக்கிறது. தடித்த கம்பிகட்டிய கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. குண்டுவெடிப்பின் தாக்கத்தைத் தாங்கக் கட்டிய அறை அது, வானலையை விடுமா? பல வீடுகளில் இழை முடியும் பெட்டியும் மின்பலகையும் அந்த அறைக்குள்ளேயோ அதை ஒட்டியோ இருக்கும். அதனால் ரூட்டரையும் அங்கேயே, அரிசி மூட்டைக்கும் தீபாவளிப் பாத்திரங்களுக்கும் நடுவே வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். புது வீட்டு அலங்காரம் செய்பவர்கள் அழகுக்காக உலோகத் தகடு போட்ட பெட்டிக்குள் மூடுவதும் உண்டு. வைஃபை பயன்படுத்தும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு கான்கிரீட் சுவரைக் கடப்பதற்குள்ளேயே நலிந்துபோகும். எஃகுக் கதவுக்கு அப்பால் கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சாது.

கேபிள் இழுப்பதற்காக அந்த அறையின் சுவரை உடைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாதுகாப்பு அறையின் சுவர், தரை, கூரை, கதவு எதையும் உடைத்து மாற்ற அனுமதி கிடையாது.

ஓஎன்டி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அதிலிருந்து நீளமான லேன் கேபிள் ஒன்றைச் சுவரோரமாக இழுத்து, ரூட்டரை மட்டும் வீட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை ஜிகாபிட் வேகத்தைச் சுமக்கும், வீவக வீட்டுக்கு அது தாராளம். கண்ணாடி இழையை நீங்களாக நீட்ட வேண்டாம். பல புதிய வீடுகளில் வரவேற்பறையிலும் படுக்கையறைகளிலும் சுவரிலேயே லேன் துளைகள் இருக்கின்றன. அவற்றின் மறுமுனைகள் மின்பலகை அருகே ஒரு பெட்டியில் சேர்ந்திருக்கும். அது தெரியாமல், கையில் இருக்கும் கம்பிவழியை விட்டுவிட்டு, வைஃபை அலையை வீடெங்கும் பரப்பும் மெஷ் பெட்டிகளுக்குச் செலவு செய்பவர்களைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை.

ரூட்டரை நெஞ்சளவு உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். தொலைக்காட்சிக்குப் பின்னால் வேண்டாம், மீன்தொட்டிக்குப் பக்கத்திலும் வேண்டாம், தண்ணீர் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாகவே உறிஞ்சும். முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த அலமாரியும் தடைதான். சாமி அலமாரிக்கு மேல் வைப்பது பல வீடுகளில் பழக்கம். உயரம் சரிதான், ஆனால் விளக்கின் சூடும் எண்ணெய்ப் புகையும் பெட்டிக்கு ஆகாது.

மெஷ் வாங்கியவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலை எட்டாத அறைக்குள்ளேயே இரண்டாவது பெட்டியை வைக்கிறார்கள். அந்தப் பெட்டிக்கே அலை எட்டவில்லை என்றால் அது எதை வாங்கி எதைக் கொடுக்கும்? அலை இன்னும் நன்றாக இருக்கும் பாதிவழியில் வையுங்கள். முடிந்தால் இரண்டு பெட்டிகளையும் கேபிளால் இணையுங்கள். ஏறத்தாழ 90 சதுர மீட்டர் உள்ள நான்கறை வீட்டுக்கு மூன்று பெட்டி பெரும்பாலும் மிகை.

ரூட்டருக்குப் பின்னால் இன்னொரு ரூட்டர்

நிறுவனம் கொடுத்த ஓஎன்ஆர் ஏற்கெனவே ஒரு ரூட்டர். அதன் பின்னால் நீங்கள் வாங்கிய ரூட்டரைச் செருகினால், வீட்டுக்குள் இரண்டு தனித்தனி வலையமைப்புகள் உருவாகிவிடும். உதாரணமாக, ஒன்று கருவிகளுக்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கும், மற்றது 192.168.0 என்று கொடுக்கும். ஒரு பக்கம் இருக்கும் கைபேசிக்கு மறுபக்கம் இருக்கும் அச்சுப்பொறி தெரியாமல் போகலாம். விளையாட்டுகளில் இணைப்பு அறுபடலாம், வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க முடியாமல் போகலாம். தீர்வு இரண்டில் ஒன்று: ஓஎன்ஆரைப் பிரிட்ஜ் முறைக்கு (இணைப்பை மட்டும் கடத்தும் முறை) மாற்றச் சொல்லி நிறுவனத்திடம் கேளுங்கள், அல்லது உங்கள் ரூட்டரை அக்செஸ் பாயிண்ட் முறைக்கு (வைஃபை மட்டும் கொடுக்கும் முறை) மாற்றுங்கள்.

இதைவிடத் தொல்லையான ஒன்றும் உண்டு. டபிள்யூஏஎன் துளையில் போக வேண்டிய கேபிளை லேன் துளையில் செருகிவிட்டால், ஒரே வலையமைப்பில் இரண்டு பெட்டிகள் போட்டி போட்டுக்கொண்டு முகவரி கொடுக்கும். சில கருவிகள் வேலை செய்யும், சில செய்யாது, மறுநாள் அதுவும் மாறும். காரணம் புரியாமல் தவிக்க வைக்கும் பழுது இது.

ரூட்டரை மாற்றியதும் இணையம் வரவில்லையென்றால் பதற வேண்டாம். பழைய ரூட்டரின் அடையாளம் நிறுவனத்தின் முனையில் பதிந்திருக்கலாம். ஓஎன்டியைச் சில நிமிடம் அணைத்துவிட்டுப் போடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் உங்கள் நிறுவனம் விலேன் எண் (சேவைகளைப் பிரித்தறிய ரூட்டரில் பதியும் எண்) கேட்கிறதா என்று விசாரியுங்கள். இணையத் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருப்பவர்கள் புது ரூட்டர் வாங்கும் முன்பே இதைக் கேட்டுவிடுவது நல்லது.

பெட்டியில் அச்சிட்ட எண்களை நம்புவது

நாடு தழுவிய கண்ணாடி இழைக் கட்டமைப்பை 10 ஜிபிபிஎஸ்-க்கு உயர்த்த, 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்கப்போவதாக 2024-ல் அரசாங்கம் அறிவித்தது. அதற்கேற்ற திட்டங்களும் விற்பனையில் உள்ளன. ஆனால் ரூட்டரின் துளை 1 ஜிபிபிஎஸ் என்றால் அதற்கு மேல் அந்தக் கேபிளில் எதுவும் வராது. கைபேசியின் நிலையும் அதுதான்: இரண்டு ஆண்டெனா உள்ள வைஃபை 5 (ஐந்தாம் தலைமுறை வைஃபை) கைபேசி, 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், ஏட்டளவில் 866 எம்பிபிஎஸ். நடைமுறையில் அதில் பாதி, கொஞ்சம் கூடுதலாக வரும். பெரிய கோப்புகளைக் கேபிள் வழியே அடிக்கடி நகர்த்தாத வீட்டுக்கு 10 ஜிபிபிஎஸ் எதற்கு என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வெளிநாட்டு இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வைஃபை 7 ரூட்டர்களிலும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 1,200 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை வைஃபைக்குத் திறந்திருக்கிறார்கள். இங்கே 2023-ல் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் திறந்தது 5,925 முதல் 6,425 வரை, அதாவது 500 மெகாஹெர்ட்ஸ். 320 மெகாஹெர்ட்ஸ் அகலத் தடம் (சேனல்) ஒன்றுதான் அதில் அடங்கும். அமெரிக்க அமைப்போடு வரும் பெட்டி இங்கே அனுமதியில்லாத அலைவரிசையில் ஒலிபரப்பக்கூடும். உள்ளூரில் அனுமதி பெற்ற கருவியை வாங்குங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸில், ஒன்றையொன்று தொடாத தடங்கள் 1, 6, 11 மட்டுமே. பக்கத்து வீடு, மேல் வீடு, கீழ் வீடு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. தடத்தின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். விளக்கு, செருகி போன்ற ஸ்மார்ட் பொருள்களில் பல 2.4-ஐ மட்டுமே அறியும் என்பதால் அந்தப் பட்டையை அடியோடு அணைத்துவிடாதீர்கள்.

இரண்டு மறைச்சொற்கள்

வைஃபை மறைச்சொல் வேறு, ரூட்டரின் அமைப்புகளுக்குள் நுழையும் மறைச்சொல் வேறு. முதலாவதை மாற்றியதும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டாவது 'அட்மின்' என்றே கிடந்தால், உள்ளே நுழைந்த விருந்தாளியோ தொற்றுக்குள்ளான ஒரு கைபேசியோ வலையமைப்பின் போக்குவரத்து முழுவதையும் வேறிடத்துக்குத் திருப்பிவிட முடியும்.

2016 அக்டோபர் 22, 24 ஆகிய நாள்களில் ஸ்டார்ஹப் வாடிக்கையாளர்கள் பலருக்கு வீட்டு இணையம் நின்றுபோனது. வாடிக்கையாளர்களின் வீடுகளிலேயே இருந்த, தொற்றுக்குள்ளான கருவிகளிலிருந்து அதன் டிஎன்எஸ் சர்வர்கள் (இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றுபவை) தாக்கப்பட்டன என்று நிறுவனம் விளக்கியது. உங்கள் வீட்டுக் கேமரா ஊரையே முடக்கும் கூட்டத்தில் ஓர் ஆளாகச் சேரலாம், உங்களுக்குத் தெரியாமலே. 2020-ல் இணையப் பாதுகாப்பு அமைப்பு கருவிகளின் பாதுகாப்பு நிலையைக் காட்டும் முத்திரைத் திட்டம் கொண்டுவந்தது. 2021 ஏப்ரலிலிருந்து இங்கே விற்கும் வைஃபை ரூட்டர்கள் அதில் முதல் நிலையையாவது எட்ட வேண்டும். ஒரே தொழிற்சாலை மறைச்சொல்லை எல்லாப் பெட்டிக்கும் போடக்கூடாது என்பதும் அந்த நிலையின் நிபந்தனை. அதற்கு முன் வாங்கிய பெட்டி வீட்டில் இருந்தால், அதற்கு இன்னும் மென்பொருள் புதுப்பிப்பு வருகிறதா என்று இன்றே பாருங்கள். வரவில்லை என்றால், விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தாலும் அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது. வைஃபை பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதைப் போடுங்கள், பழைய கருவி மறுத்தால் டபிள்யூபிஏ2. மறைச்சொல் இல்லாமல் கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதி வேண்டாம், அதன் எட்டிலக்க எண்ணை அதிகம் போனால் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-லேயே காட்டிவிட்டார்கள். வெளியிலிருந்து ரூட்டரை நிர்வகிக்கும் வசதியையும் அணையுங்கள்.

கடை, சின்ன அலுவலகம்

சிராங்கூன் சாலையில் ஒரு கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் வாங்கும் கருவி, கணக்குக் கணினி, கேமரா, வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபை எல்லாம் ஒரே வலையமைப்பில் ஓடுகின்றன. சாப்பிட வந்தவரின் கைபேசியும் உங்கள் சம்பளக் கோப்பு இருக்கும் கணினியும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கின்றன. பெரும்பாலான ரூட்டர்களில் விருந்தினர் வைஃபை என்று ஒன்று உண்டு. வாடிக்கையாளரையும் கேமராக்களையும் அங்கே ஒதுக்கினால் அபாயம் பெருமளவு குறையும். அச்சுப்பொறிக்கு ரூட்டரிலேயே ஒரு முகவரியை ஒதுக்கிவையுங்கள், மின்தடைக்குப் பிறகு "பிரிண்டரைக் காணோம்" என்ற கூச்சல் நிற்கும். நிறுவிக் கொடுத்தவரிடம் மட்டுமே நிர்வாக மறைச்சொல் இருப்பது ஆபத்து. அவர் தொழிலை விட்டுப் போய்விட்டால் உங்கள் கடையின் சாவியும் அவரோடு போய்விடும். வேலை முடிந்த அன்றே கேட்டு வாங்கி எழுதிவையுங்கள்.

கடைசியாக, பெட்டியின் பின்புறம் இருக்கும் ஊசித்துளை. இணையம் நின்றால் அதில் ஊசியைவிட்டு அழுத்துகிறார்கள். மின்சாரத்தை அணைத்துப் போடுவதும் அதுவும் ஒன்றல்ல. ஊசித்துளை தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடும்: வைஃபை பெயர், மறைச்சொல், விலேன் எண், ஒதுக்கிய முகவரிகள் எல்லாம் அழிந்துபோகும். நிர்வாகப் பக்கத்தில் அமைப்புகளைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி இருக்கும். எல்லாம் சரியாக ஓடும் நாளில் அதைச் செய்து, கூடவே கேபிள்கள் எந்தத் துளையில் இருக்கின்றன என்று கைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.