காஸி ஆர்ச் பார்க்கப் போகிறீர்களா?

இங்கிலாந்தில் நியூகாசிலில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்த கல் பாலம் இது. "காசிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னா, இதையா சொன்னேன்?" என்றாள் வீட்டுக்காரி. 30 வருடம் மேஸ்திரி வேலை பார்த்தவனுக்கு இதுதான் காசி.

ஸ்டான்லி என்ற ஊருக்குப் பக்கம், ஏ6076 சாலையோரமாகக் காரை நிறுத்தலாம். டான்ஃபீல்ட் நீராவி ரயிலிலும் வரலாம். அது தினமும் ஓடாது, விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். அந்த ரயில் இந்தப் பாலத்தின் மேல் போகாது.

நாங்கள் செய்த தப்பைச் செய்யாதீர்கள். பாலத்தின் மேலேயே நடந்து அக்கரை போய்விட்டு, "பாலம் எங்கேடா?" என்று மகனைக் கேட்டேன். மேலே வெறும் நடைபாதைதான், இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர். ஓடைக்கு இறங்கும் பாதையில் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். மழை பெய்திருந்தால் ஷூ போடுங்கள். செருப்போடு இறங்கி வழுக்கி விழுந்ததில் என் முழங்கை தேய்ந்தது.

கீழே நின்று வளைவின் விளிம்புக் கற்களைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் ஆப்பு மாதிரி, அடி குறுகி மேல் அகன்றிருக்கும். 100 அடிக்கு மேல் அகலத்தை நடுவில் தூணே இல்லாமல் ஒரே வளைவாகத் தாண்டியிருக்கிறார்கள். உயரம் சுமார் 80 அடி. கட்டியது 1725, 26-ல். அப்போது ரயில் எஞ்சினே கிடையாது. மரத் தண்டவாளத்தில் குதிரை இழுத்த நிலக்கரி வண்டிகள், ஒரு தடத்தில் பாரத்தோடு டைன் ஆற்றுப் பக்கம் போக, இன்னொன்றில் காலியாகத் திரும்பின. நாளைக்கு 900 வண்டிக்கு மேல் கடந்ததாம்.

கட்டியவர் ரால்ஃப் வுட், கல் கொத்தனார். இதற்கு முன் நின்ற மரப்பாலம் விழுந்திருந்ததால், இதுவும் விழுமோ என்று பயந்து மேலிருந்து குதித்துச் செத்தார் என்று ஒரு கதை உண்டு. நிஜமோ பொய்யோ, அந்தப் பயம் எனக்குப் புரியும். வளைவின் உச்சியில் கடைசியாக வைக்கும் உச்சிக்கல் உட்காரும்வரை மொத்தப் பாரமும் கீழே முட்டுக்கொடுத்த சாரத்தின் மேல்தான். சாரத்தை எடுத்தால்தான் வளைவு நிற்குமா என்று தெரியும். பத்தடி கூரைக்குச் சென்ட்ரிங் பிரிப்பதற்கு முந்தின ராத்திரியே எனக்குத் தூக்கம் வராது.

பாலத்தருகே அந்தக் கால வண்டியின் மாதிரி ஒன்று நிற்கிறது, அதையும் பாருங்கள். சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள். நாங்கள் புளியோதரை கட்டிப் போயிருந்தோம்.