எலக்ட்ரிக் காரை ஓட்டாமல் 'பத்திரமாக' வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் எங்கள் திருவான்மியூர் அபார்ட்மென்டில் ஒரு நண்பர், புதிதாக வாங்கிய ஜெர்மன் எலக்ட்ரிக் காரைக் காட்டக் கூப்பிட்டார். கவரைத் தூக்கினால் தூசி பறக்கிறது, உள்ளே சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. வாங்கி ஐந்து மாதம் ஆகிவிட்டது, ஓடியிருப்பது 1,140 கிலோமீட்டர். சார்ஜர் செருகியபடியே கிடக்கிறது, திரையில் 100 சதவீதம். "ஓட்டாம பத்திரமா வச்சிருக்கேன் சார்" என்றார். நான்கு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன், அதனால்தான் எழுதுகிறேன். கேபிளை மறந்துவிட்டுக் கிளம்புவது மாதிரியான தவறுகளை ஒரு தடவை செய்தாலே புரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தினசரி ஓட்டத்தைக் கணக்குப் பார்க்காமல் பெரிய பேட்டரி வாங்குவது

அடையாறிலிருந்து சோழிங்கநல்லூர் போய்வர 30 கிலோமீட்டர் சொச்சம். மாதம் 22 நாள் போனாலும் 700 வராது. இதற்கு 100 கிலோவாட் அவர் பேட்டரி எதற்கு? பெங்களூரு போகணுமே என்பார்கள். அது சுமார் 350 கிலோமீட்டர். சாப்பிட நிற்கிற இடத்தில் ஒரு தடவை சார்ஜ் போட்டால் போதும். செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் அசெம்பிள் ஆகிற பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ்1-இல் இருப்பது 66.4 கிலோவாட் அவர்தான், ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு அதுவே தாராளம்.

ஓட்டாமல் வைத்தால் புதுசாகவே இருக்கும் என்று நம்புவது

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருவது இந்த ஒன்றுதான். பெட்ரோல் கார் காலத்தில் குறைவாக ஓடிய வண்டிக்கு மதிப்பு அதிகம், அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்துவிடுகிறோம். லித்தியம் பேட்டரி ஓட ஓடவும் தேயும், சும்மா நின்றாலும் நாள்கணக்கில் தேயும். நிற்கும்போது தேய்வதை வேகப்படுத்துவது வெயிலும் முழு சார்ஜும். சென்னையில் மே மாதம் 40 டிகிரி தாண்டுகிறது. அந்தச் சூட்டில் 100 சதவீதத்தோடு வாரக்கணக்கில் நிறுத்துவது பேட்டரிக்கு ரொம்பக் கெடுதல். தினசரிக்கு 80 போதும், ஊருக்குப் போவதானால் 50 பக்கம் வைத்துவிட்டுப் போங்கள். (எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி என்றால் கணக்கு வேறு, அதை அவ்வப்போது முழுதாக ஏற்றச் சொல்வார்கள். கையேட்டைப் பாருங்கள்.)

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மகளைப் பார்க்க வெளிநாடு போனேன், ஐந்து வாரம். காரை முழுதாக ஏற்றி பேஸ்மென்டில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து தினமும் நாலைந்து தடவை ஆப்பைத் திறந்து எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து சாவியை அழுத்தினால் சத்தமே இல்லை. பெரிய பேட்டரியில் சார்ஜ் அப்படியே இருக்கிறது, ஆனால் கதவு, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் உயிர் கொடுக்கிற சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்துவிட்டது. நான் ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் கார் விழித்து, அந்தச் சின்ன பேட்டரியைத்தான் தின்றிருக்கிறது. சாவிக்குள் ஒளிந்திருந்த இரும்புச் சாவியால் கதவைத் திறந்தேன். ஹேண்ட்பிரேக்கும் கியரும் எலக்ட்ரானிக், அதனால் தள்ளவும் முடியாது. ஏற்றிப் போக வந்த லாரி பேஸ்மென்ட் கூரைக்குக் கீழே நுழையவில்லை. கடைசியில் ஒருவர் பூஸ்டரோடு வந்து எழுப்பினார். லாரி, ஆள்கூலி, புது பேட்டரி என்று 40,000 ரூபாய்க்கு மேல் போனது. வண்டியைக் கையில் கொடுத்த நாளில் ரிப்பன் வெட்டி போட்டோ எடுக்க அரைமணி நேரம் செலவழித்தார்கள், இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

வாரம் ஒரு தடவையாவது 20 கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஊரில் இல்லாவிட்டால் ஆப்பைத் தொடாதீர்கள், நிற்கும்போதும் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கிற கேமரா காவலை அணைத்துவிடுங்கள்.

வாரன்டியை கிலோமீட்டரில் மட்டும் பார்ப்பது

பேட்டரிக்குப் பெரும்பாலும் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. வருடம் 4,000 ஓட்டுகிறவருக்கு 8 வருடத்தில் 32,000தான் ஆகியிருக்கும். ஐந்தில் ஒரு பங்கு ஓடியதுமே வாரன்டி முடிந்துவிடுகிறது.

பிரேக்

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைத்துவிடுவதால் டிஸ்க்குக்கு வேலை குறைவு. கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று வேறு, நின்ற வண்டியில் டிஸ்க் துருப்பிடிக்கும். காலியான ரோட்டில் அவ்வப்போது நன்றாக அழுத்தி நிறுத்துங்கள்.

டயர்

ஓடாத டயருக்கும் வயதாகும். பக்கவாட்டில் 2321 என்றிருந்தால் 2021-இன் 23-ஆவது வாரம் செய்தது.

செகண்ட் ஹேண்டில் 'கம்மியா ஓடின வண்டி'

கம்மியாக ஓடியிருந்தாலும் நின்றே தேய்ந்திருக்கலாம். பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற ஹெல்த் ரிப்போர்ட் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

டிசம்பரில் பேஸ்மென்டில் விட்டுவிட்டு ஊருக்குப் போவது

2023 மிக்ஜாம் புயலுக்கு, வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் நின்றது ஞாபகம் இருக்கும். நீங்கள் ஊரில் இல்லாதபோது உங்கள் வண்டியை அங்கே கொண்டுபோய் விட ஒருவர் வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் சாவியை அவரிடம் கொடுத்து, ஒரு தடவை ஓட்டவும் வைத்துவிடுங்கள். எலக்ட்ரிக் காரை முதல் தடவையாக ஓட்டுபவர் மழையில், தண்ணீர் ஏறும்போது கற்றுக்கொள்ள முடியாது.