58 நாள் சிமுலேஷனை ஒரு மதியத்துக்குள் முடிக்க

பர்கூரிலோ செட்டிக்கரையிலோ பொறியியல் படித்துக்கொண்டு, செயலியை மென்பொருளில் நடித்துக் காட்டும் ஜெம்5 சிமுலேட்டரில், செயலிகளை அளக்கும் ஸ்பெக் சிபியு 2017 நிரல் தொகுப்பை ஓட்டப் போகிறீர்கள் என்றால், முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். செயலியை நுணுக்கமாகப் பின்பற்றும் அதன் ஓ3 மாடல் வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கட்டளைகளை நகர்த்தும். முழு அளவு ரெஃப் உள்ளீட்டில் ஒரு பெஞ்ச்மார்க் (அளவீட்டு நிரல்) லட்சம் கோடி கட்டளைகளைச் சுலபமாகத் தாண்டும். வகுத்தால் 50 லட்சம் வினாடி, அதாவது 58 நாள். அதற்குள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இரண்டு முறை வந்துபோகும். பகல் முழுக்க யுபிஎஸ் தாங்காது.

உடனே டெஸ்ட் உள்ளீட்டுக்குத் தாவ வேண்டாம். அது நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க மட்டுமே. அதன் தரவு சிறிது என்பதால், கேஷ் (செயலிக்குள் இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) பற்றி அதிலிருந்து எடுக்கும் முடிவு செல்லாது.

ஜெம்5-ஐ ஆப்ட் பில்டில் (உள்சோதனைகளோடு கம்பைல் செய்த வடிவில்) ஓட்டிச் சரிபார்த்த பிறகு, அளவீட்டுக்கு ஃபாஸ்ட் பில்டுக்கு மாறுங்கள். உள்சோதனைகளும் டிரேஸும் நீங்கி வேகம் கொஞ்சம் கூடும். கம்பைல் செய்யும் மெஷினில் ரேம் 8 ஜிபிதான் என்றால், ஒரே நேரத்தில் 8 வேலை விடாதீர்கள். நினைவகம் தீர்ந்து பாதியில் சாகும்.

பெரிய லாபம் இதிலெல்லாம் இல்லை, சிம்பாயின்டில்தான் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் உருவாகி 2002-இல் வெளிவந்த முறை இது. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்கு பெங்களூரா, நீலம், செந்தூரா கலந்து ஒரு லோடு வந்தால், ஒவ்வொரு பழத்தையுமா கடித்துப் பார்ப்போம்? ரகம் பிரித்து, ரகத்துக்கு ஒன்றை அறுத்து, எந்த ரகம் எத்தனை பங்கு என்று குறித்துக்கொள்வோம். அதேதான் இங்கேயும்.

நிரலின் ஓட்டத்தை 10 கோடி கட்டளை கொண்ட துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எந்தெந்த பேசிக் பிளாக் (நடுவே கிளை பிரியாத கட்டளைத் தொடர்) எத்தனை முறை ஓடியது என்று, நேர நுணுக்கம் பார்க்காமல் வேகமாக ஓடும் அட்டாமிக் மாடலில் பதிவு செய்யுங்கள். இதுதான் ப்ரொஃபைல். சிம்பாயின்ட் கருவி ஒத்த துண்டுகளைக் குழுவாக்கி, குழுவுக்கு ஒரு பிரதிநிதியையும் அதன் எடையையும் தரும். குழுக்களுக்கு உச்சவரம்பு 30 போதும். பிறகு இன்னொரு அட்டாமிக் ஓட்டத்தில் அந்தந்த இடத்துக்கு வார்ம்-அப் அளவு முன்னதாகவே செக்பாயின்ட் (பிறகு அங்கிருந்தே தொடர உதவும் நிலைப் பதிவு) எடுங்கள்; வார்ம்-அப் பற்றிக் கீழே. இந்த இரண்டு ஓட்டமும் நாள் கணக்கில் இழுக்கும், ஆனால் ஒருமுறை செய்தால் போதும். ப்ரொஃபைல் பாதியில் நின்றால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

நிரலை மறுபடி கம்பைல் செய்தால் பழைய ப்ரொஃபைல் குப்பை. செக்பாயின்டை மீட்கும்போது கேஷ் அளவையும் சிபியு மாடலையும் மாற்றலாம். நினைவக அளவை மாற்றக் கூடாது. ஸ்பெக்கில் உள்ள ஸ்பீடு தொகுப்பு வேண்டாம், ரேட் தொகுப்பை எடுங்கள்: ஒரு பிரதிக்கு 2 ஜிபி அளவில் முடியும், ஓபன்எம்பி வழியாகப் பல த்ரெட் ஓடும் தொல்லையும் இல்லை.

பலரும் சறுக்குவது வார்ம்-அப்பில், அதாவது அளவீட்டுக்கு முன் கேஷை நிரப்பும் ஓட்டத்தில். செக்பாயின்டில் நினைவகம் இருக்கும், கேஷில் இருந்தது இருக்காது. 16 எம்பி கடைசிநிலை கேஷில், 64 பைட் வரி வீதம், 2,62,144 வரிகள். ஆயிரம் கட்டளைக்கு 5 மிஸ் (தேடிய தரவு கேஷில் இல்லாமை) விழும் நிரல் அதை நிரப்பச் சுமார் 5 கோடி கட்டளை ஓட வேண்டும். 10 லட்சம் மட்டும் ஓட்டினால் 5,000 வரிதான் நிரம்பியிருக்கும்; அந்த நிலையில் பெரிய கேஷும் சிறிய கேஷும் ஒரே முடிவைக் காட்டும், பெரிதாக்கிப் பயனில்லை என்று எழுதிவிடுவீர்கள். 5 கோடி வார்ம்-அப் வையுங்கள், அளவீடு தொடங்கும்போது புள்ளிவிவரங்களைப் பூஜ்யமாக்க மறக்காதீர்கள்.

ஆக ஒரு புள்ளிக்கு (பிரதிநிதித் துண்டுக்கு) 15 கோடி கட்டளை, சுமார் பன்னிரண்டரை நிமிடம். ஜெம்5 ஒரு கோரைத்தான் பயன்படுத்தும், எனவே 8 கோர் மெஷினில் 6 புள்ளிகளை ஒன்றாக விடலாம். 30 புள்ளியும் ஒரு மணி நேரத்தை ஒட்டி முடியும். கோருக்கு இரண்டு த்ரெட் இருக்கிறதே என்று 16 விட்டால் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். கரண்டு போனாலும் அப்போது ஓடிக்கொண்டிருந்த ஆறு மட்டும்தான் வீண்.

கடைசியில் எடையிட்டுச் சேர்க்கும்போது ஐபிசி-யை (ஒரு சுழற்சிக்கு எத்தனை கட்டளை) சராசரி எடுக்காதீர்கள், சிபிஐ-யை (ஒரு கட்டளைக்கு எத்தனை சுழற்சி) எடுங்கள். எடை சரிபாதியான இரண்டு புள்ளிகளின் சிபிஐ 0.5, 2.0 என்று வையுங்கள். சராசரி 1.25, அதைத் தலைகீழாக்கினால் ஐபிசி 0.8. ஐபிசி-களை நேரடியாகச் சேர்த்தால் 2.0, 0.5 இரண்டுக்கும் நடுவே 1.25 என்று வரும். இல்லாத வேகம் அது.