சலக்குழாயோடு வன்னிக்கு வருகிறவர்களுக்கு

லண்டனில் இருந்தோ ரொறன்ரோவில் இருந்தோ வயதான தகப்பனைக் கூட்டிக்கொண்டு ஊரோடு வருகிறவர்களும் சரி, தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்புகிறவர்களும் சரி, முதலில் கேட்பது "எந்தக் கம்பனிக் கதீற்றர் நல்லது?" என்றுதான். கதீற்றர் என்றால் சலப்பைக்குள் (சிறுநீர்ப்பைக்குள்) விட்டுச் சலத்தை வெளியே பைக்கு இறக்கும் ரியூப். கம்பனியை விடுங்கள். அடுத்த ரியூப் எங்கே கிடைக்கும், அதை மாற்றிவிட ஆள் யார், அவரிடம் போய்ச்சேர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பாருங்கள். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே குடியிருக்கிறவருக்கு வாகனக்கூலியும் ஒரு மருத்துவச் செலவுதான்.

வந்த கிழமையே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளிலோ மாங்குளம் ஆதார வைத்தியசாலையிலோ கிட்டிய இடத்தில் பதிந்து கிளினிக் கொப்பி எடுத்துவிடுங்கள். வைத்தியம் இலவசம். ஆனால் கேட்கிற சைஸ் எப்போதும் கையிருப்பில் இருக்கும் என்று நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். வீட்டில் எப்போதும் இரண்டு மேலதிகமாக இருக்கட்டும். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரி மேல் வைத்தால் சூட்டில் றப்பர் பழுதாகிவிடும். நிழலான இடத்தில், மடிக்காமல், றப்பர் வளையம் போட்டுக் கட்டாமல் வையுங்கள்.

சைஸை ரியூபின் நுனி நிறமே சொல்லும்: 12 வெள்ளை, 14 பச்சை, 16 செம்மஞ்சள். ரெஃப்லோன் பூச்சுப் பூசிய றப்பர் ரியூப் அதிகம் போனால் நாலு கிழமை. முழுச் சிலிக்கன் பன்னிரண்டு கிழமை வரை தாங்கும். சிலிக்கன் விலை கூடத்தான். போக்குவரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், தூரத்தில் இருப்பவர்களுக்கு அதுதான் மலிவு என்பேன். பெண்களுக்கான கட்டை ரியூபை ஆண்களுக்குப் போடவே கூடாது, ரியூபை உள்ளே பிடித்துவைக்கும் பலூன் சலப்பைக்குள் போகாமல் வழியிலேயே ஊதிவிடும்.

பக்கத்தால் சலம் கசிந்தால் உடனே "பெரிய சைஸ் போடுங்கோ" என்று கேட்கிறோம். பெரும்பாலும் காரணம் வேறு. ரியூப் மடிந்திருக்கும், அடைத்திருக்கும், அல்லது மலம் இறுகியிருக்கும். முதலில் மலம் ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள். பம்பஸ் கட்டி மறைத்தால் கசிவு தெரியாது, தோல்தான் புண்ணாகும்.

இரவுப் பை விஷயத்தில்தான் எங்கள் வீடுகள் இடிக்கின்றன. பாயில் நிலத்தோடு படுக்கிறவருக்குப் பை எங்கே தொங்கும்? பை சலப்பையை விடக் கீழே இருந்தால்தான் சலம் இறங்கும். பக்கத்திலேயே கிடத்தினால் திரும்பி ஓடும். ஆகவே ஒரு கட்டில் வேண்டும். பலகைக் கட்டில் போதும், சட்டத்தில் கம்பியை வளைத்துக் கொழுவலாம். நிலத்தில் முட்டாமல் தொங்கவேண்டும், குழாயின் வாய் வாளியிலோ பேசினிலோ படக்கூடாது. காலில் கட்டும் பைக்கு (500 மில்லி போதும்) சாரம் வசதி. பாதிக்கு மேல் நிரம்பமுன் ஊற்றிவிடுங்கள். பாரம் ரியூபை இழுக்கும். உணர்ச்சி இல்லாத காலில் பட்டி இறுகினால் அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு இரவும் பட்டியைக் கழற்றி, தோலை வெளிச்சத்தில் பாருங்கள். சக்கரநாற்காலியில் இருக்கும்போது ரியூப் தொடைக்குக் கீழே போகாமல் மேலால் வரவேண்டும், கீழே அகப்பட்டால் ஒரே பகலில் புண் வந்துவிடும். பையை ஐந்து முதல் ஏழு நாளைக்கு ஒருமுறை மாற்றுவார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுவது ஊற்றுவதற்கு முன்னும் பின்னும். வன்னி வெயிலில் வியர்வையாகவே பாதி போய்விடும். சிறுநீரக வருத்தமோ இருதய வருத்தமோ இருந்து வைத்தியர் கட்டுப்படுத்தாதவரை தண்ணீரைக் கூட்டிக் குடியுங்கள்.

முள்ளந்தண்டு அடிபட்டவர்களின் வீட்டார் ஒன்றை மனப்பாடம் செய்யவேண்டும். அடி நெஞ்சின் ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ என்றால், சலம் அடைத்தவுடன் இரத்த அழுத்தம் பாய்ந்து ஏறலாம். தலை வெடிக்கிற மாதிரி இடிக்கும், முகம் சிவக்கும், வியர்த்துக் கொட்டும். பனடோல் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி இருத்தி, காலைத் தொங்கவிட்டு, இறுகிய உடுப்பைத் தளர்த்தி, ரியூப் மடிந்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். சலமோ தலையிடியோ உடனே இறங்காவிட்டால் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை. வெளிநோயாளர் பிரிவில் "தலையிடி" என்று தொடங்காமல், "முள்ளந்தண்டுக்காரர், சலம் அடைச்சிட்டுது" என்று தொடங்குங்கள். வரிசை பார்க்கத் தேவையில்லை.

பாவித்த பம்பஸை வளவுக் குப்பைக்குழியில் போட்டால் விடிய நாய் முற்றத்துக்கு இழுத்துவரும். பையில் கட்டி மூடியுள்ள வாளியில் வையுங்கள். ரியூபை எங்கே கொடுப்பது என்று கிளினிக்கிலேயே கேளுங்கள்.

மற்றபடி, மருந்துக்கடைக்காரரை விட நன்றாகச் சொல்லித்தரக்கூடியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். போரில் செல்பட்டு முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே சேர்ந்து நடத்தும் உயிரிழை அமைப்பு மாங்குளத்தில் இருக்கிறது. வருடக்கணக்காக இதோடு வாழ்கிற அண்ணைமாரிடம் வெட்கப்படாமல் கேட்கலாம். அவர்கள் கேட்பவரை விடப் பச்சையாகப் பதில் சொல்வார்கள்.