சுகர் உள்ளவர் காலில் உணர்ச்சி இருக்கிறதா: வீட்டிலேயே பார்ப்பது எப்படி

சுகர் வந்து பல வருஷமானவர் தெருவில் நன்றாகத்தான் நடந்து போகிறார், அதனால் கால் நன்றாக இருக்கிறது என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். அப்படி நினைப்பது ஆபத்து. காலை நகர்த்தும் நரம்பு வேறு, தரையை உணரும் நரம்பு வேறு. உணரும் நரம்பு பாதி கெட்ட பிறகும், கண் தரையைப் பார்த்துப் பார்த்து அந்தக் குறையை மூடி மறைத்துவிடும். கீழே சொல்லும் சோதனைகளில் கண்ணை மூடச் சொல்வது இதற்காகத்தான். கண் திறந்திருந்தால் நீங்கள் சோதிப்பது காலை அல்ல, கண்ணை.

மதுரைப் பக்கம் இதைத் தள்ளிப்போடவே கூடாது. கோயிலுக்குள் வெறுங்காலோடுதான் போகிறோம். சித்திரையில் ஆடி வீதிக் கல் மாலையிலும் சூடு தணியாமல் கிடக்கும். தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பிவிடுவோம். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் காட்டில் சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பையும் துளைத்து ஏறும். உணர்ச்சி உள்ள கால் இதையெல்லாம் உடனே சொல்லிவிடும். உணர்ச்சி போன கால் சொல்லாது. புண் சீழ் வைத்து நாற்றம் வந்த பிறகுதான் வீட்டுக்கே தெரியும்.

ஏன் விரல் நுனியில் தொடங்குகிறது

கால் பெருவிரல் நுனியில் இருக்கும் உணர்வு நரம்பிழை, இடையில் எங்கும் இணைப்பில்லாமல் ஒரே இழையாக முதுகுத்தண்டு வரை போகிறது. நீளம் ஏறக்குறைய 1 மீட்டர். அந்தச் செல்லின் உடல் இருப்பது முதுகெலும்புக்குப் பக்கத்தில். விரல் நுனிக்கு வேண்டிய புரதம் பெரும்பாலும் அங்கே தயாராகி அவ்வளவு தூரம் நகர்ந்து வர வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் கூடுதலாக இருந்தால் நரம்பிழையும், அதற்கு இரத்தம் தரும் நுண்குழாய்களும் சேர்ந்து கெடுகின்றன. மிக நீளமான இழைதான் முதலில் தளரும். அதனால் மதமதப்பு இரண்டு கால் விரல் நுனியிலும் தொடங்கி, சாக்ஸ் போடும் அளவுக்கு மேலேறுகிறது. முழங்கால் பக்கம் வரும்போது கைவிரல் நுனியிலும் ஆரம்பிக்கும்.

இரண்டு காலிலும் ஒரே மாதிரி வருவதுதான் இதன் அடையாளம். ஒரு காலில் மட்டும் வந்தால் முதுகில் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். நிறம் வெளுத்த ஒரு திட்டில் மட்டும் உணர்ச்சி இல்லை என்றால் தொழுநோய்க்கான பரிசோதனை அவசியம். அதற்கான மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். சீக்கிரம் ஆரம்பித்தால் முழுதும் குணமாகும்.

நரம்பிழைகள் எல்லாம் ஒரே ரகமில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தொடுவதும் அதிர்வும் போகும் இழை தடிமனானது, மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்தியது; நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வேகத்தில் செய்தி ஓடும். சுள்ளென்ற வலியும் குளிர்ச்சியும் மெல்லிய உறையுள்ள இழையில் 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் போகும். சூடும் காந்தலும் போகும் இழைக்கு உறையே கிடையாது. நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டாது. கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டால் இது அப்படியே தெரியும்: இடித்தது முதலில் தெரிகிறது, உடனே சுள்ளென்கிறது, ஒரு நொடி கழித்துத்தான் காந்தல் ஏறுகிறது. இந்த ரகங்களில் ஒன்று கெட்டு இன்னொன்று நன்றாக இருக்கலாம். ஒரே ஒரு சோதனையை வைத்து ‘கால் நல்லா இருக்கு’ என்று சொல்ல முடியாதது அதனால்தான்.

விரலால் தொட்டுப் பார்ப்பது

கருவி எதுவும் தேவையில்லை. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட முறை இது. மருத்துவமனைகளில் செய்யும் நைலான் இழைச் சோதனையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது.

கட்டிலில் கால் நீட்டிப் படுக்க வையுங்கள். வெந்நீரிலோ குளிர்ந்த நீரிலோ கால் நனைத்த உடனே செய்யாதீர்கள். இரண்டாம் விரலில் மட்டும் மெட்டி இருந்தால் கழற்ற வேண்டியதில்லை, அந்த விரலைத் தொடப்போவதில்லை. எந்தப் பக்கம் வலது, எந்தப் பக்கம் இடது என்பதை முதலில் அவர் காலைத் தொட்டுக் காட்டிப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களிடம் ‘சோத்துக்கைப் பக்கம்’ என்றால் குழப்பம் வராது. பிறகு, “அப்பத்தா, கண்ணை மூடிக்கங்க. நான் தொட்டது தெரிஞ்சா எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

ஆள்காட்டி விரல் நுனியால் 1 முதல் 2 நொடி வரை லேசாகத் தொட வேண்டும். வரிசை: வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல். ஆறு இடம், ஒவ்வொன்றும் ஒரே தடவை. ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இவ்வளவு எளிய சோதனை பெரும்பாலும் கெடுவது செய்பவர் கையால்தான். அழுத்தினால் ஆழத்தில் உள்ள உணர்விகளும் மூட்டும் சேர்ந்து பதில் சொல்லிவிடும். தோல் உணர்ச்சி போனவரும் ‘தெரியுது’ என்பார். தட்டினாலும் தடவினாலும் அதே கதை. ஒவ்வொரு தடவையும் ‘இப்பத் தெரியுதா?’ என்று கேட்டால் அந்தக் கேள்வியே தொட்டதைக் காட்டிக்கொடுத்துவிடும். சீரான இடைவெளியில் தொட்டால் ஊகித்துச் சொல்வார், ஆகவே இடைவெளியை மாற்றி மாற்றித் தொடுங்கள். தெரியவில்லை என்றதும் பாவமாக இருக்கிறதே என்று அதே விரலை மறுபடி தொடாதீர்கள். முதல் பதில்தான் கணக்கு.

மருத்துவமனையில் செய்வது

10 கிராம் நைலான் இழை என்று ஒன்று வைத்திருப்பார்கள். அதைத் தோலில் செங்குத்தாக வைத்து அழுத்தினால் ஓர் அளவில் வில்லாக வளையும். அதற்குமேல் எவ்வளவு தள்ளினாலும் தோலில் விழும் விசை கிட்டத்தட்ட அதேதான். இந்தக் குணம் இழையின் தடிமனையும் நீளத்தையும் பொறுத்தது என்பதால், தூண்டில் நரம்பை வெட்டி வீட்டில் செய்துகொள்ளும் இழை பயன்படாது. பெருவிரலின் அடியிலும், விரல்களுக்குக் கீழே உள்ளங்காலின் மேட்டுப் பகுதியிலும் வைப்பார்கள். கால் ஆணி, தழும்பு, புண் உள்ள இடத்தைத் தவிர்ப்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று தடவை கேட்டு, அதில் ஒரு தடவை தொடாமலே கேட்பார்கள். மூன்றில் இரண்டு பதில் சரியாக இருந்தால் அந்த இடத்தில் உணர்ச்சி உண்டு.

கூடவே 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டிப் பெருவிரல் எலும்பின் மேல் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ‘பயோதீசியோமீட்டர்’ வைத்திருக்கும் இடங்களில் அதிர்வை வோல்ட் கணக்கில் எழுதித் தருவார்கள். 25 வோல்ட்டுக்கு மேல் போனால்தான் தெரிகிறது என்றால் புண் வரும் ஆபத்து அதிகம். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த வருஷ எண்ணோடு ஒப்பிட உதவும்.

குதிகால் நாணைச் சிறு சுத்தியலால் தட்டுவதை வீட்டில் முயல வேண்டாம். அதில் தசை நீண்ட செய்தி முதுகுத்தண்டுக்குப் போய், மூளையைக் கேட்காமலே ஒரே ஓர் இணைப்பைத் தாண்டி, தசையைச் சுருக்கும் கட்டளையாகத் திரும்புகிறது. வயதானால் நரம்பு நோய் இல்லாதவர்களுக்கும் இந்தத் துள்ளல் இல்லாமல் போகலாம் என்பதால், பழகாதவர் பார்த்தால் வீண் பயம்தான் மிஞ்சும்.

நிற்பதைப் பார்ப்பது

விழாமல் நிற்க மூளைக்கு மூன்று இடத்திலிருந்து செய்தி வருகிறது: கண், உள்காது, காலின் தசையும் மூட்டும். தசைக்குள் இருக்கும் கதிர் வடிவ நுண் உணர்விகள் தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதை நொடிக்கு 70 முதல் 120 மீட்டர் வேகத்தில் அனுப்புகின்றன. உடல் முன்பக்கம் லேசாகச் சாயும்போதே கெண்டைக்கால் இறுகி நிறுத்துவது இந்தச் செய்தியால்தான்.

முதலில் பெருவிரல். கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலை இரண்டு பக்கவாட்டிலும் பிடித்து, சில மில்லிமீட்டர் மேலேயோ கீழேயோ அசைத்து எந்தப் பக்கம் என்று கேளுங்கள். மேலும் கீழுமாகப் பிடித்தால் உங்கள் விரலின் அழுத்தமே விடையைச் சொல்லிவிடும். பக்கத்து விரலில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நிற்க வைப்பது. 1840களில் ஜெர்மன் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க் விவரித்து எழுதியது. தனியாகச் செய்யவே கூடாது: இரண்டு சுவர் சேரும் மூலையில் முதுகைக் காட்டி நிறுத்தி, முன்னால் ஒருவர் கை நீட்டித் தயாராக நிற்க வேண்டும். பாதங்களைச் சேர்த்து வைத்துக் கண் திறந்து 30 நொடி, பிறகு கண்ணை மூடி 30 நொடி. கண் திறந்திருக்கும்போதே தள்ளாடினால் அங்கேயே நிறுத்துங்கள். அது சிறுமூளை சார்ந்ததாக இருக்கலாம், மருத்துவரிடம் போங்கள். திறந்திருக்கும்போது திடமாக நின்றவர், மூடியதும் அடி எடுத்து வைக்க நேர்ந்தாலோ விழப்போனாலோ, காலிலிருந்து செய்தி சரியாக வரவில்லை என்பதற்கு வாய்ப்பு அதிகம். லேசான ஆட்டம் எல்லோருக்கும் உண்டு.

இந்தச் சோதனை செய்யாமலே சில வீடுகளில் விடை கிடைத்துவிடும். குளிக்கும்போது முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் சுவரைப் பிடிக்கிறாரா? கரண்ட் போன இரவில் மட்டும் தடுமாறுகிறாரா? ‘பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு’ என்கிறாரா? செருப்பு கழன்றது தெரியாமலே நடந்து வந்துவிடுகிறாரா? இவற்றை மருத்துவரிடம் இதே வார்த்தையில் சொல்லுங்கள். குளியலறையில் கைப்பிடியும், இரவில் அணையாத சின்ன விளக்கும் அன்றே வைத்துவிடுங்கள்.

சூட்டை வீட்டில் சோதிக்காதீர்கள்

தோலின் சூட்டு உணர்விகளில் ஒன்றான டிஆர்பிவி1 என்ற புரதம் 43 டிகிரி செல்சியஸ் அளவில் திறக்கிறது. மிளகாயின் காரமும் அதே வாசலைத்தான் திறக்கிறது. அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸும், தொடுவதை உணரும் புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் படபூடியனும் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். சூடு பட்டதும் நினைப்பதற்கு முன்பே கால் பின்வாங்குவது முதுகுத்தண்டு செய்யும் வேலை. அதே கணத்தில் மற்றக் காலை விறைக்க வைத்து உடலைத் தாங்குவதும் அதுதான். உறையில்லாத அந்த மெல்லிய இழைகள் கெட்டவருக்குக் கால் பின்வாங்காது, கொப்புளம் வந்துவிடும்.

ஆகவே வெந்நீரில் கால் விட்டுப் பார்ப்பது, ஒத்தடப் பையைப் பாதத்தில் வைப்பது இரண்டும் வேண்டாம். தண்ணீரின் சூட்டைச் சுகர் இல்லாத ஒருவர் முழங்கையால் பார்க்கட்டும். கோயிலுக்கு விடியலில் போங்கள். பகலில் போக நேர்ந்தால் நார் விரிப்பு போட்ட தடத்தை விட்டு இறங்க வேண்டாம், வெளியே வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள்.

தெரியவில்லை என்று வந்தால்

சர்க்கரை அளவோடு வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிடுபவர்களுக்கு அது குறையலாம், அந்தக் குறையும் இதே நரம்புகளைக் கெடுக்கும், ஆனால் அதைச் சரிசெய்ய முடியும். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும், அதுவும் நரம்பைக் கெடுப்பதுதான்.

செருப்பு எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் அடி வைத்ததாக, குதிகாலுக்குப் பின்வார் உள்ளதாக இருக்கட்டும். பெருவிரலை மட்டும் பிடிக்கும் ரப்பர் செருப்பு உணர்ச்சியில்லாத காலில் நிற்காது, பிடி உரசிப் புண்ணும் வரும். மாட்டும் முன் தலைகீழாகத் தட்டி, உள்ளே கைவிட்டு முள்ளோ கல்லோ இருக்கிறதா என்று பாருங்கள். பாதத்தின் சிறு தசைகள் மெலிந்து விரல்கள் மடங்க ஆரம்பித்தால் எடை முழுதும் உள்ளங்கால் மேட்டில் விழும், அங்கே ஆணி வரும், ஆணிக்கு அடியில் புண் மறைந்திருக்கும். பிளேடால் ஆணி சீவாதீர்கள். வியர்வை நரம்பும் கெடுவதால் தோல் காய்ந்து வெடிக்கும்; தினம் இரவு தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் தடவக் கூடாது.

தினமும் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், குனிய முடியாதவருக்கு வீட்டில் ஒருவர் பார்க்கட்டும். சோதனையில் எல்லாம் சரி என்றாலும் வருஷத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். உணர்ச்சி குறைந்தவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் காலைக் காட்ட வேண்டும். புண், சீழ், கறுப்பு, காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே போங்கள். வலியே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருந்தாலும் அன்றைக்கேதான். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்; அந்தக் காலை ஊன்றி நடக்க விடாமல் வண்டியில் அழைத்துப் போங்கள்.