தம்பியின் அட்டையில் விடுபட்ட குறைபாடு
மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் வளரும் என் தம்பிக்குச் செவித்திறன் குறைவோடு கற்றல் குறைபாடும் உண்டு. முதல் மருத்துவப் படிவத்தில் செவியை மட்டும் குறிப்பிட்டதால், ஓகேயு எனப்படும் மாற்றுத்திறனாளி அட்டையும் அந்த ஒரு பிரிவிலேயே வந்தது. சமூக நல இலாகாவின் 7 பிரிவுகளில் பல்வகைக் குறைபாடு தனிப் பிரிவென்பதை அறிந்ததும், இரு துறை மருத்துவர்களிடமும் காட்டி, இரண்டு குறைகளையும் ஒரே படிவத்தில் உறுதிப்படுத்தி, பழைய அட்டையுடன் மீண்டும் விண்ணப்பித்தோம். இதற்காகப் பலமுறை அலைந்தது வீண்போகவில்லை.

பின்னர், 1984-இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய பிடிகே என்னும் சமூக மறுவாழ்வுத் திட்டத்தின் மையமொன்றில் சேர்த்தோம். அங்கே சைகையையும் படங்களையும் இணைத்தே கற்பிக்கிறார்கள். உரக்கப் பேசினால் போதுமென்று எண்ணியிருந்த அம்மா, இப்போது தட்டின் படத்தைக் காட்டியே அவனைச் சாப்பிட அழைக்கிறார்.